இருபத்திரண்டும் ஐம்பத்திரண்டும்

ஆபீஸ்ல எனக்கு வெச்ச பேரு கத்தரி. காய் இல்லை, வெட்டுற கத்தரி. சர்வர்ல யாருக்கு எந்த ஃபைலைத் திறக்க அனுமதி உண்டு, யாருக்கு இல்லைன்னு முடிவு பண்றது என் வேலை. அதுல நான் யார் முகத்தையும் பாக்க மாட்டேன். எதிர்ல நின்னா "மேடம்"னு கூப்பிடுவாங்க. அந்தப் பக்கம் திரும்பினதும் "கத்தரி வருது, கையை உள்ள இழுத்துக்கோ"ம்பாங்க. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன், அது ஒரு வசதி.

நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்லை. வர்ணம்னு எல்லாரும் கூப்பிட்ட ஒரு மனுஷரைப் பத்தி. ஆனா என்னை விட்டுட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. அவரைக் கெடுத்தவ நான்தான்.

ரயில் ஓட்டத்தைக் கவனிக்கிற கட்டடத்துல மூணாவது மாடி எங்க பிரிவு. எந்தப் பாதையில பழுது, எந்தப் பாலத்துல மெதுவாப் போகணும், அங்க எத்தனை வேகத்தைத் தாண்டக் கூடாது, இதெல்லாம் நீளமான பட்டியலா சர்வர்ல இருக்கும். ஒரு தடைக்கு ஒரு வரி. ரயிலை ஓட்டுறவர் முன்னாடி இருக்கிற திரைக்கு அந்தப் பட்டியல்தான் போகும். அதைத் திருத்துறதெல்லாம் பழைய கறுப்புத் திரை எடிட்டர்லதான். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்து. ஒருத்தர் திருத்துவார், இன்னொருத்தர் சரிபார்த்து ஒப்புதல் குடுப்பார். வர்ணம் சார் சரிபார்க்கிறவர். பத்தொன்பது வருஷமா அதே ஏழாம் நம்பர் நாற்காலி. அவர் கை வழியா ஒரு தப்பு வெளியில போனதில்லை. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறவர்னு மேனேஜரே சொல்லுவார்.

வர்ணம்கிற பேரு அவருக்கு ஏன் வந்துச்சுன்னா, அந்த எடிட்டர்ல எண்ணுக்கு ஒரு கலர், பேருக்கு ஒரு கலர், சேர்த்த வரிக்கு ஒண்ணு, எடுத்த வரிக்கு ஒண்ணுன்னு நாமளே வெச்சுக்கலாம். எல்லாம் நம்பர்தான். பூஜ்யத்துல இருந்து இருநூத்தி ஐம்பத்தஞ்சு வரைக்கும் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கலர். மத்தவங்க வந்த அன்னைக்கு ஏதோ ஒரு கலர் ஸ்கீமைப் போட்டுட்டு அதோட விட்டுடுவாங்க. இவர் மட்டும் தனக்குன்னு ஒரு ஃபைல் வெச்சுக்கிட்டு ஓயாம மாத்திக்கிட்டே இருப்பார். சாப்பாட்டு நேரத்துல மத்தவங்க கீழே இறங்கினதும் ஒரு நம்பரை மாத்துவார், தலையைச் சாய்ச்சுப் பார்ப்பார், மறுபடி மாத்துவார். பக்கத்து சீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு, "இது ரெண்டும் உனக்கு வேற வேறயாத் தெரியுதாம்மா?"ன்னு கேப்பார். அவ, "நல்லாத் தெரியுது சார், உங்க திரையைப் பொண்ணு பாக்க வர்றாங்களா என்ன"ன்னு கிண்டல் பண்ணுவா. இவரும் சிரிச்சுக்குவார்.

எனக்கு அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். மனுஷன் போட்டுக்கிறது வெள்ளைச் சட்டை, சாம்பல் பேன்ட். மழைக்குக் கொண்டு வர்றது கறுப்புக் குடை. திரையில மட்டும் இவ்வளவு மினுக்கா? அதுவும் என்ன ரசனை, எங்க பாத்தாலும் நீலமும் மஞ்சளும். எடுத்த வரியை ஊரே சிவப்புல வெச்சிருக்கு, இவர் மஞ்சப் பட்டையில வெச்சிருந்தார். சேர்த்த வரி நீலம். அவர் சீட்டுல உக்காந்து ஏதாவது சரிபண்ணணும்னா எனக்குத் தலைகால் புரியாது. வேலை வெட்டி இல்லாதவர் பண்ற வேலைன்னு வீட்டுல போய்ப் புலம்புவேன். என் வீட்டுக்காரர், "ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் நீ இன்னும் பாஸ்வேர்ட் போடலை, அவரை விடேன்"ம்பார். விட்டிருக்கலாம்.

வருஷ ஆய்வுக்கு வந்தவங்க, ஒரே பிரிவுல ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரி இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போனாங்க. மேனேஜர் அந்தக் காகிதத்தை என் மேஜையில வெச்சார். எனக்கு அது போதாதா? ரெண்டு நாள் உக்காந்து எல்லாருக்கும் பொதுவா ஒரே கலர் ஸ்கீம் எழுதினேன். சேர்த்த வரிக்குப் பின்னாடி கரும்பச்சைப் பட்டை, நம்பர் இருபத்திரண்டு. எடுத்த வரிக்குக் கருஞ்சிவப்புப் பட்டை, நம்பர் ஐம்பத்திரண்டு. முன்னெல்லாம் வரிக்கு முன்னால கூட்டல், கழித்தல் குறி வரும். அதனால பட்டியல்ல எண்ணெல்லாம் ஒரு எழுத்து தள்ளிப் போய் அசிங்கமா இருக்கும். கலர்தான் இருக்கே, குறி எதுக்குன்னு அதைத் தூக்கினேன். பழைய ஆளுங்க வரிக்கு வரி எழுதி வெச்ச குறிப்புகள் வேற நடுநடுவே வந்து உறுத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பின்னணியோட கரைஞ்சு போற மாதிரி ஒரு சாம்பல் கலரைக் குடுத்தேன். யாரும் வேற ஸ்கீமைப் போட முடியாதபடி பூட்டும் போட்டுட்டேன்; அவங்கவங்க பழைய ஃபைல்ல எழுதிக்கலாம், ஆனா அந்தக் கலர் திரைக்கு வராது. திரை துடைச்சு வெச்ச பாத்திரம் மாதிரி இருந்துச்சு, எனக்கு அவ்வளவு திருப்தி.

அன்னைக்கு மதியமே வர்ணம் சார் என் அறைக்கு வந்தார்.

"மேடம், என் ஃபைலை மட்டும் திறந்து விட முடியுமா? பழகிப் போச்சு."

"எல்லாருக்கும் பழக்கம்தான் சார். ரெண்டு நாள்ல இதுவும் பழகிடும்."

"இல்லை மேடம், எனக்குப் பழகாது." அதைச் சொல்லிட்டுப் போயிட்டார்.

மறுநாள் மறுபடி வந்தார். கண்ணு வலிக்குதுன்னார். கெஞ்சுற மாதிரிதான் பேசினார், எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். வயசான மனுஷன் கலருக்குப் போய் இப்படிக் கெஞ்சுவாரா? "புடவைக் கடையில நானே இவ்வளவு நேரம் எடுக்க மாட்டேன் சார்"னேன். வெளியில யாரோ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "நிஜமாவே கண்ணு வலின்னா கண் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல திறந்து விடறேன்"ன்னு சொன்னேன். நியாயமான பேச்சுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். அவர் முகத்துல ஈயாடலை. "சரி மேடம்"னு மட்டும் சொல்லிட்டுப் போனார். லெட்டர் வரவே இல்லை. பாத்தியா, சும்மா சாக்குன்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லி ஜெயிச்ச மாதிரி உக்காந்திருந்தேன்.

மூணாவது நாளும் வந்தார். அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்து, நான் ஃபோன்ல யாரையோ திட்டிக்கிட்டு இருந்ததைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டார். நானும் கூப்பிடலை.

அதுக்கப்புறம் அவர் ஆளே மாறிப் போனார். சீக்கிரம் வந்து, எல்லாரும் போன பிறகு கிளம்பினார். கேலி பேச்சு நின்னு போச்சு. ஒரு நாள் நான் பின்பக்கமா வரும்போது பாக்குறேன், சாக்லேட் சுத்தி வர்ற சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுக்கிட்டுத் திரையைப் பாத்துக்கிட்டு இருக்கார். என்னைப் பாத்ததும் சட்டைப் பையில திணிச்சுக்கிட்டார். ஐம்பதை நெருங்குற ஆம்பளை குழந்தை மாதிரி காகிதம் வெச்சு விளையாடுறாரேன்னு நினைச்சு நான் சிரிச்சேன். அதை நாலு பேர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். அந்தக் காகிதம் எதுக்குன்னு கேக்கணும்னு எனக்குத் தோணலை.

அப்படி இருபது நாள் ஓடிச்சு. இருபத்தோராவது நாள் காலையில, பதினோரு மணிக்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு திருத்தப் பட்டியலை ஒப்புதல் பண்ணி அனுப்பணும். மொத்தம் பதினோரு வரி. சில இடத்துல வேகத் தடை நீக்கம், சில இடத்துல புதுசா தடை. வர்ணம் சார் ஒவ்வொரு வரியா காகிதத்தோட ஒப்பிட்டுக்கிட்டு இருந்தார். எனக்கு மணி ஆச்சு. அவர் நாற்காலிக்குப் பின்னாடியே போய் நின்னுட்டேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் சார்?"

"ஒரு ரெண்டு நிமிஷம் மேடம். நீங்க போங்க, நான் முடிச்சிட்டுச் சொல்றேன்."

"ரெண்டு நிமிஷத்துல நான் எங்க போய்ட்டு வர்றது? பாருங்க, நிக்கிறேன்."

அவர் கை சட்டைப் பைக்குப் போச்சு, வெறும் கையா திரும்பி வந்துச்சு. திரையை உத்துப் பாத்தார். பாலம், கிலோமீட்டர், வேகம் முப்பது, எல்லாத்தையும் விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தார். கழுத்துப் பின்னாடி வேர்த்து, சட்டைக் காலர் நனைஞ்சிருந்துச்சு. அதை நான் பாத்தேன். பாத்துட்டு, "ஒப்பிக்கவா போறீங்க, அமுக்குங்க சார்"னேன்.

அமுக்கிட்டார்.

அந்தப் பாலத்து வரி காகிதத்துல, தேதியை மட்டும் நீட்டித்து அப்படியே தொடரணும்னு இருந்துச்சு. திருத்தினவர் தேதியை மாத்தப் போய்க் கைதவறி வரியையே அழிச்சிருந்தார். திரையில அது சிவப்புப் பட்டையில நின்னுச்சு, எடுத்தாச்சுன்னு அர்த்தம். புதுத் தேதியோட பச்சையில நின்னிருக்கணும். வேற யாராயிருந்தாலும் ஒரு பார்வையில பிடிச்சிருப்பாங்க. நான் பின்னாடிதான் நின்னேன், ஆனா என் கண்ணு கடிகாரத்துல இருந்துச்சு.

மறுநாள் காலையில முப்பதுல போக வேண்டிய ரயில் எண்பதுல போச்சு. ஓட்டுறவர் பாதையோரத்துல இருந்த பலகையைக் கடைசி நேரத்துல பாத்து பிரேக் போட்டதால பிழைச்சுது. பாலத்துல வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒருத்தர் பயந்து கீழே குதிச்சு ரெண்டு காலும் ஒடிஞ்சுபோச்சு. ரயில்ல கதவோரம் நின்ன ஒரு அம்மாவுக்குக் கை முறிஞ்சுது. உயிர் போகலை, அதுவரைக்கும் நிம்மதி. சேதி மூணாவது மாடிக்கு வந்துச்சு. வர்ணம் சார் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தார்.

மதியம் பின்பக்கப் படிக்கட்டுல என்னைப் பிடிச்சார். அங்க யாரும் வர மாட்டாங்க.

"எனக்கு இருபத்திரண்டும் ஐம்பத்திரண்டும் ஒண்ணு மேடம்."

எனக்குப் புரியலை. கலர் நம்பரைச் சொல்றார்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

"ரெண்டும் மண்ணு கலராத்தான் தெரியும். சிவப்பு, பச்சை ரெண்டும் எனக்குப் பிறவியிலேயே இல்லை. நீலமும் மஞ்சளும்தான் தெரியும். அந்தச் சிவப்புக் காகிதம் வழியாப் பாத்தா பச்சைப் பட்டை கறுத்துப் போகும், சிவப்புப் பட்டை நிக்கும். அதை வெச்சுத்தான் இருபது நாளா ஓட்டினேன். நேத்து நீங்க பின்னாடி நின்னீங்க, எடுக்க முடியலை."

எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. என் புத்தி அப்படி. "பத்தொன்பது வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கீங்க. குதிச்சவருக்கு யார் சார் பதில் சொல்றது?"ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்.

"நான்தான் சொல்லணும்"னார். "இப்போ ஆஸ்பத்திரியில அவரைப் பாத்துட்டுத்தான் வர்றேன். அவர் அம்மா எனக்குத் தண்ணி குடுத்தாங்க மேடம். நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது." படியில உக்காந்துட்டார். நானும் உக்காந்தேன்.

எங்க கட்டடத்துல ஒரு விதி. ஒரு காலத்துல எல்லாரும் சிக்னல் வேலை பாத்த இடம், அதனால உள்ள வர்றவங்க எல்லாருக்கும் நிறப் பார்வைச் சோதனை உண்டு. செடிக்குத் தண்ணி ஊத்துறவருக்குக்கூட உண்டு. புள்ளி புள்ளியா இருக்கிற படத்துக்கு நடுவுல நம்பரைக் கண்டுபிடிக்கணும். இவரோட அக்கா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாத்தவங்க. அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, எந்தப் பக்கத்துல எந்த நம்பர்னு ஒரு மாசம் தம்பியை ஒப்பிக்க வெச்சிருக்காங்க. அப்படித்தான் உள்ள வந்திருக்கார். வந்த பிறகு, தன் கண்ணுக்குத் தெரியுற ரெண்டு கலரை வெச்சு ஒரு ஃபைலை எழுதி, அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு, ஒரு தப்பும் விழாம பத்தொன்பது வருஷம் காப்பாத்தியிருக்கார். நான் மினுக்குன்னு சொன்னது அதைத்தான்.

"இப்போ விசாரணை வரும்"னார். "கவனக்குறைவுன்னு நான் ஒத்துக்கிறேன். ஆறு மாசம் வெளியில நிறுத்துவாங்க, திரும்ப எடுத்துக்குவாங்க, வேற பிரிவு கேட்டு வாங்கிக்கிறேன், இந்த வேலையை இனிமே நான் தொட மாட்டேன். கண்ணுன்னு தெரிஞ்சா பொய் சொல்லி வேலைக்கு வந்தவன்னு மொத்தமா அனுப்பிடுவாங்க. நாப்பத்தேழு வயசு மேடம். இந்தப் பட்டியலைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது."

"நான் என்ன செய்யணும் சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யாதீங்க மேடம். ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

சரின்னு தலையாட்டினேன். ஆனா ஒண்ணும் செய்யாம இருக்கிறது என் ஜாதகத்துலயே கிடையாது.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் வீட்டுக்காரம்மா என்னைத் தேடிக்கிட்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துட்டாங்க. ஒல்லியா, நெத்தி சுருங்கின மாதிரி ஒரு முகம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடலை. "அவருக்குக் காலையில சட்டை எடுத்து வைக்கிறதுல இருந்து பழம் பழுத்திருக்கான்னு பாக்குறது வரைக்கும் நான்தான் மேடம். ஆபீஸ்ல மட்டும்தான் அவர் யாரையும் கேக்காம நிமிர்ந்து இருந்தார். இப்போ சாப்பாட்டைப் பிசைஞ்சு வெச்சுட்டு எழுந்துடறார். பொண்ணு கேட்டா வயிறு சரியில்லைங்கிறார். அவ கல்லூரியில ரெண்டாவது வருஷம், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க பெரிய மனசு பண்ணணும்"னு அழுதாங்க. நான் மனுஷியே இல்லைன்னு எனக்குத் தோணிச்சு. அவரைக் காப்பாத்தியே தீரணும்னு அன்னைக்கே ஒத்தைக் கால்ல நின்னேன்.

கவனக்குறைவுன்னு அவர் ஒத்துக்கிட்டா பழி முழுக்க அவர் தலையில விழும். அது எதுக்கு? அவர் கலர் ஸ்கீமை மாத்தினது நான், குறியைத் தூக்கினது நான், பூட்டுப் போட்டது நான். பத்தொன்பது வருஷம் ஒரு மாதிரி பாத்தவருக்கு, கேக்காம கொள்ளாம வேற மாதிரி மாத்திக் குடுத்தா யாருக்கும் தடுமாறத்தான் செய்யும்னு சொன்னா, பாதிப் பழி எனக்கு வரும், அவருக்குக் கண்டிப்போட போகும். கண்ணைப் பத்திப் பேச்சே வராது. அதுக்கு ஆதாரம் வேணுமேன்னு அவர் பழைய கலர் ஃபைலை சர்வர்ல இருந்து எடுத்தேன். திறந்து மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தேன். நூத்திப் பத்து வரி. ஒவ்வொரு வரியிலயும் ஒரு பேரு, ஒரு நம்பர். கடைசியில கொஞ்சம் காலி வரி. இதுல என்ன இருக்கு, நீலமும் மஞ்சளும்தானேன்னு அப்படியே அச்சடிச்சு, வந்த காகிதத்தைப் படிச்சுக்கூடப் பாக்காம மூணு பிரதி எடுத்து, உறையில போட்டு ஒட்டி, விசாரணை அதிகாரிக்கு அனுப்பிட்டேன். அவர்கிட்ட சொல்லலை. சொன்னா வேண்டாம்பார், நல்லது நடந்த பிறகு தெரிஞ்சா சந்தோஷப்படுவார்னு நினைச்சேன்.

விசாரணை இரண்டாவது மாடியில, ஜன்னலோரம் நீள மேஜை போட்ட அறையில. விசாரணை அதிகாரி ஓய்வு பெறப் போற வயசுல ஒரு அம்மா, மெதுவான குரல், யாரையும் அதட்டலை. மேனேஜர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல வர்ணம் சார். அவர், "கவனக்குறைவு, முழுப் பொறுப்பும் என்னுது"ன்னு நேரா சொல்லி முடிச்சார். அப்புறம் நான் எழுந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். கலரை மாத்தினது, குறியை நீக்கினது, பின்னாடி நின்னு அவசரப்படுத்தினது, எதையும் மறைக்கலை. அந்த அம்மா தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. மேனேஜர்கூட, "நல்ல ஊழியர், இதுவரைக்கும் ஒரு புகாரும் இல்லை"ன்னார். காத்து எங்க பக்கம் வீசுற மாதிரி இருந்துச்சு. நான் வர்ணம் சாரைப் பாத்துக் கண்ணாலேயே தைரியம் சொன்னேன்.

"நீங்க அனுப்பின ஃபைலைப் படிச்சேன்"னாங்க அந்த அம்மா.

வர்ணம் சார் என்னைத் திரும்பிப் பாத்தார். "எந்த ஃபைல்?"

"உங்க கலர் ஃபைல் சார்"னு நான் மெதுவாச் சொன்னேன். அவர் உக்காந்த இடத்துல அப்படியே ஒடுங்கிப் போனார். எனக்கு அப்பவும் ஏன்னு புரியலை.

அந்த அம்மா காகிதத்தை என் பக்கம் தள்ளினாங்க. எட்டிப் பாத்தேன். வெள்ளைக் காகிதம், எல்லாம் ஒரே கறுப்பு மையில அச்சாகியிருந்துச்சு. திரையில நான் பாத்த நூத்திப் பத்து வரியும் இருந்துச்சு. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில ஒரு குறிப்பு. குறிப்புகளுக்குப் பின்னணியோட கரையுற கலரைக் குடுத்தது நான். ரெண்டு மாசமா எந்த ஃபைல்லயும் ஒரு குறிப்பைக்கூட நான் கண்ணால பாக்கலை, பாக்காததால அப்படி ஒண்ணு இருக்கிறதே மறந்து போச்சு. காலி வரின்னு நினைச்ச இடமெல்லாம் காலி இல்லை.

"நீங்களே எழுதினதா சார்?"

"ஆமாம்மா."

அவங்க படிக்க ஆரம்பிச்சாங்க. கேலியா இல்லை, நிதானமாத்தான் படிச்சாங்க.

"இருபத்திரண்டு: பச்சையாம். எனக்கு மண். ஐம்பத்திரண்டு: சிவப்பாம். இதுவும் மண், இதை எங்கேயும் வைக்காதே. முப்பத்து மூன்று: நீலம், இதை நம்பலாம். இருநூற்று இருபது: மஞ்சள், ஆபத்து எல்லாம் இதில் போடு. முப்பத்து நான்கு: பாப்பா மரத்துக்கு அடித்த கலர் இதுதான் என்று அவள் அம்மா சொன்னாள். எனக்கு மரம் தெரியவில்லை, படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்."

மேனேஜர் மேஜையையே பாத்துக்கிட்டு இருந்தார். எனக்கு எழுந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழிச்சுப் போடலாமான்னு இருந்துச்சு. கிழிச்சு என்ன பண்ண, மூணு பிரதி அனுப்பினவ நான்.

"கடைசியில நாள் கணக்குப் போட்டு மூணு குறிப்பு இருக்கு"ன்னு பக்கத்தைத் திருப்பினாங்க. "முதல் நாள்: கத்தரியிடம் கேட்டேன், முடியாது என்கிறாள். இரண்டாம் நாள்: மறுபடி கேட்டேன், டாக்டர் கடிதம் கேட்கிறாள், எங்கே போவேன். மூன்றாம் நாள்: உண்மையைச் சொல்லலாம் என்று போனேன், அவள் வேலையாக இருந்தாள். கத்தரி கோபக்காரி, ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டாள். நாளைக்குச் சொல்லிவிடு."

படிச்சு முடிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாங்க. "யாரு இந்தக் கத்தரி?"

மேனேஜர் இருமினார்.

"நான்தான்"னேன்.

அந்த அம்மா என்னை ரொம்ப நேரம் பாத்தாங்க. பேனாவை எடுத்து அடியில ஏதோ எழுதினாங்க. கடிதம் அடுத்த வாரம்தான் வந்துச்சு, ஆனா அவர் வேலை போனது அந்த நிமிஷத்துலதான். அவருக்கும் அது தெரிஞ்சிருக்கணும். நாற்காலியைப் பின்னால தள்ளி எழுந்தார். என்னைத் திட்டப் போறார்னு நினைச்சேன். திட்டட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

"மன்னிச்சிடுங்க மேடம்"னார். "அவள் இவள்னு மரியாதை இல்லாம எழுதிட்டேன். எனக்காக எழுதிக்கிட்டது அது, யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."